ஆன் செய்தால் தானாக ஓடும்

உடற்பயிற்சி செய்வதென்று கண்ணாடிக்காரர் முடிவு செய்யவில்லை. அந்தத் தப்பை அவர் எந்தக் காலத்திலும் செய்தவரில்லை. உடற்பயிற்சி செய்கிற சத்தம் வீட்டில் கேட்டால் போதும் என்றுதான் முடிவு செய்தார்.

அவரை இந்த முடிவுக்குத் தள்ளியது ஒரு எடை மெஷின். டாக்டரம்மா அதில் ஏறச் சொன்னார். ஏறினார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மெஷினில் கோளாறு இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறட்டுமா என்றார் கண்ணாடிக்காரர். கழற்றிவிட்டு ஏறினார். முள்ளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கடைச் சாவி இருக்கிறது, காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, சர்க்கரை வாசல் வரைக்கும் வந்துவிட்டது, தினமும் காலையில் அரை மணி நேரம் உடம்பை அசைத்தாக வேண்டும், ஒரு மாதம் கழித்துப் பார்ப்பேன், குறையவில்லையென்றால் மாத்திரைதான் என்றார்.

மாத்திரைக்கு அவர் பயப்படவில்லை. மாத்திரை விழுங்க எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி சொன்னதற்குத்தான் பயந்தார்.

"ஒரு மாசம் பாப்பேன். எடை குறையலேன்னா எங்க அண்ணன வரச் சொல்லிடுவேன். அவரும் ரிட்டயர் ஆகி சும்மாதான் இருக்காரு."

அண்ணன் என்றால் சாதாரண அண்ணன் இல்லை. போலீஸ் பயிற்சிப் பள்ளியில் கவாத்து சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற அண்ணன். கண்ணாடிக்காரர் மனதுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் கவாத்து மச்சான். முன்பு ஒரு தடவை ஏதோ வேலையாக வந்து சில நாள் தங்கினார். காலை ஐந்தரைக்கு ஹாலில் விசில் அடித்தார். வாசலில் கிடந்த செருப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தினார். போர்வையை மடிக்கத் தெரியாத ஆம்பிளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, கண்ணாடிக்காரரை ஒரே போர்வையைத் திரும்பத் திரும்ப மடிக்க வைத்தார். பேப்பர் போடுகிறவர் அந்த வாரம் பூராவும் சைக்கிளை விட்டு இறங்கி, நேராக நின்று பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சில நாளில் கண்ணாடிக்காரர் இளைத்தது நிஜம்தான். ஆனால் அது பயத்தில் இளைத்தது.

இந்த முறை வந்தால் சில நாளோடு போகமாட்டார். பெட்டி படுக்கையோடு வருவார். அதற்கப்புறம் கண்ணாடிக்காரர் தன் வீட்டில் தானே பயிற்சிக்கு வந்த போலீஸ்காரர் ஆகிவிடுவார். அதைவிடக் கொடுமை, காலைத் தூக்கம் போய்விடும். பத்து மணிக்குக் கடை திறக்கிற மனிதருக்கு ஆறிலிருந்து ஏழு வரைக்கும் வருகிற தூக்கம்தான் தூக்கம். ராத்திரித் தூக்கமெல்லாம் அதற்கு ஒரு முன்னேற்பாடு என்பது அவருடைய கொள்கை.

ஆக, மச்சான் வரக்கூடாது. தூக்கமும் போகக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது வீட்டுக் கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர் மனைவியுடையது. ஹாலில் ஜன்னலுக்குக் கீழே மேஜை போட்டு வைத்திருந்தாள். அவளுடைய வேலை, காதால் கேட்டதை எழுதிக் கொடுப்பது. யார் யாரோ பேட்டிகளையும் கூட்டங்களில் பேசியதையும் பதிவு செய்து அனுப்புவார்கள். அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மீடியா பிளேயரில் அதை ஓடவிட்டுக் கேட்டு, டைப் அடித்துக் கொடுப்பாள். பேசுகிறவர் வேகத்துக்குக் கை ஓடாதே, அப்போது நிறுத்த வேண்டும். புரியாவிட்டால் கொஞ்சம் பின்னால் போய்க் கேட்க வேண்டும். அதற்கெல்லாம் கையை எடுத்தால் வேலை நடக்காது என்று மேஜைக்குக் கீழே ஒரு கால்மிதி வைத்திருந்தாள். தையல் மெஷின் மிதி மாதிரி, மூன்று கட்டையாக இருக்கும். நடுக்கட்டையை மிதித்தால் பிளேயர் ஓடும், இன்னொரு தடவை மிதித்தால் நிற்கும். இடது கட்டை பின்னால் கொண்டுபோகும், வலது கட்டை முன்னால் தள்ளும். கண்ணாடிக்காரருக்கு அது கால் வைத்துக்கொள்கிற பலகை. ஒரு மழை நாளில் அதில் ஈரக் காலைத் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதோடு அதை மறந்தும் விட்டார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே மனைவி ஓர் உடற்பயிற்சி வீடியோவை இறக்கிக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தாள். கை இல்லாத பனியன் போட்ட ஒரு மாஸ்டர், பின்னால் டமடமவென்று மேளம் அடிக்க, ஒண்ணு ரெண்டு சொல்லி ஊரையே குனிய வைக்கிற வீடியோ அது. காலையில் தான் சமையல்கட்டில் இருப்பதாகவும், அவர் ஹாலில் இதைப் போட்டுச் செய்யவேண்டும் என்றும் சொன்னாள். "எனக்கு அங்க சத்தம் கேக்கணும்" என்றும் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லைத்தான் கண்ணாடிக்காரர் பிடித்துக்கொண்டார். பார்க்கணும் என்று அவள் சொல்லவில்லையே.

முதல் நாள் அவரே கம்ப்யூட்டரைப் போட்டு, அது கண் விழிக்கிற வரைக்கும் காத்திருந்து, வீடியோவைத் தேடித் திறந்து, சத்தத்தை ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் வயசானது. ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டே வரலாம். அதற்கு முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வந்த தூக்கமும் கலைந்து போயிற்று. பட்டனைத் தட்டிவிட்டு நேராகப் படுக்கைக்குப் போய்விட வேண்டும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் வழி என்று அவருக்குப் பட்டது.

அவர் கடைக்குப் பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் ரிப்பேர். அந்தக் கடைக்காரரைத் தெருவே ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடும். எந்தக் கோளாறைச் சொன்னாலும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க என்பார். எதிர்க்கடைக்காரர் தன் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னபோதுகூட அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் அவரிடம் போய், கம்ப்யூட்டர் எழுந்ததும் ஒரு வீடியோ தானாக ஓட வேண்டும், வீட்டுக்காரிக்கு ஓர் இன்ப அதிர்ச்சி என்றார். கம்ப்யூட்டருக்குள் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் எதன் ஷார்ட்கட்டைப் போட்டு வைத்தாலும், கம்ப்யூட்டர் எழுந்ததும் முதல் காரியமாக அதைத் திறந்துவிடும் என்று ரீஸ்டார்ட் சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி தையற்கடைக்குப் போன சமயமாகப் பார்த்துக் கண்ணாடிக்காரர் களத்தில் இறங்கினார். முதலில் மீடியா பிளேயரின் ஷார்ட்கட்டைப் போட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் பிளேயர் தானாக வந்தது. வந்து, கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது. மாஸ்டரைக் காணோம். ரீஸ்டார்ட்டுக்குப் போன் செய்தார். பிளேயரைப் போட்டால் பிளேயர்தான் வரும், வீடியோவின் ஷார்ட்கட்டை அல்லவா போடணும் என்றார் அவர். போட்டார். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. இன்னொன்று போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவதும் போட்டார்.

இந்தத் தடவை மூன்று மாஸ்டர்கள் வந்தார்கள். ஒருவர் கையைத் தூக்கச் சொன்னார், ஒருவர் இறக்கச் சொன்னார், மூன்றாமவர் மூச்சை இழுங்க இழுங்க என்றார். எந்த மாஸ்டரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் நிஜமாகவே மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். கடைசியில் இரண்டு பேரைத் துரத்தி, ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டார். மனைவி திரும்பி வந்தபோது ஒன்றும் அறியாதவர் போல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் காரியம் கனகச்சிதமாக நடந்தது. எழுந்தார், பட்டனைத் தட்டினார், படுக்கைக்குப் போனார், போர்த்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஹாலில் மேளம் அதிர்ந்தது. மாஸ்டர் குனிய வைத்தார், நிமிர வைத்தார். யாரை என்பது மாஸ்டருக்குத் தெரியாது. சமையல்கட்டிலிருந்து மனைவி ஆரம்பிச்சாச்சா என்று கேட்டாள். கண்ணாடிக்காரர் போர்வைக்குள்ளிருந்தபடியே, மூச்சு வாங்குகிற குரலில் ம்ம் என்றார். அந்த ம்ம்மைச் சனிக்கிழமையே கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பழகி வைத்திருந்தார். அரை மணி கழித்து எழுந்து வந்து, குழாயடியில் முகத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து வியர்வை ஆக்கிக்கொண்டு, தடயம் இருக்கக்கூடாது என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் இந்தச் சொர்க்கம் நீடித்தது. தன்னைப் போல ஒரு மூளைக்காரன் கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறானே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

மூளை ஒன்றைக் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு மனைவி வேலைக்கு உட்காரும்போது அணைந்து கிடக்கிற கம்ப்யூட்டரை அவள் ஆன் செய்வாள். ஆன் செய்தால் அது யார் ஆன் செய்தது என்று பார்க்காது. மூன்றாம் நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, கம்ப்யூட்டர ஆன் பண்ணினா அந்த மாஸ்டர் தானா வந்து, கால அகட்டி நில்லுங்கங்கிறாரு. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

கண்ணாடிக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வைரஸா இருக்கும்."

"இருக்கும் இருக்கும்" என்றாள் மனைவி. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றும் கேட்டாள்.

அவ்வளவுதான் பேச்சு. தப்பித்தோம் என்று கண்ணாடிக்காரர் நிம்மதியாகச் சாப்பிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனைவி ஒரே கேள்வியோடு விட்ட விஷயம் ஏதாவது உண்டா என்று அந்த மனிதர் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மாஸ்டர் ஒண்ணு என்றார், ரெண்டு என்றார், நின்றுவிட்டார். மேளமும் நின்றது. வீடு அப்படியே நிசப்தமாகிவிட்டது. கண்ணாடிக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, சத்தத்தையே காணோம்?"

போர்வை ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம் பறக்க, கண்ணாடிக்காரர் ஹாலுக்கு ஓடினார். பிளேயர் பாதியில் நின்றிருந்தது. மவுஸைப் பிடித்து ஓடவிட்டார். மாஸ்டர் மூணு என்றார். கண்ணாடிக்காரர் பூனை மாதிரி நடந்துபோய்ப் படுத்தார். போர்வையை இழுத்துக் கழுத்துக்குக் கொண்டுவரவில்லை, மறுபடியும் நின்றது. மறுபடியும் ஓடினார். அன்றைக்கு எத்தனை தடவை ஓடினார் என்று அவருக்கே தெரியாது. அரை மணி முடிந்தபோது முகத்தில் தெளிக்கத் தண்ணீர் தேவைப்படவில்லை.

ரீஸ்டார்ட்டிடம் போய் முறையிட்டார். ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க என்றார் அவர். மறுநாள் பாதியில் நின்றபோது ரீஸ்டார்ட் பண்ணினார். அது எழுந்திருக்கிற வரைக்கும் சத்தம் வேண்டுமே, மனைவிக்குச் சந்தேகம் வந்துவிடுமே. வேறு வழியில்லாமல் ஹாலில் நின்றுகொண்டு தானே தரையில் தொம் தொம் என்று குதித்து, ஒண்ணு ரெண்டு என்று மாஸ்டர் குரலில் கத்திக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாள் பிளேயர் நிற்கவில்லை. பின்னால் போயிற்று. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மாஸ்டர் நாலைத் தொட முடியாமல் தவித்தார். என்னங்க மூணுலயே நிக்கிறீங்க, நாலு வரலையா என்று சமையல்கட்டிலிருந்து விசாரணை வந்தது. இன்னொரு நாள் ஆரம்பித்த உடனேயே ஒரு தாவு தாவி, நன்றி, நாளைக்குச் சந்திப்போம் என்று கும்பிடு போட்டது. அதுக்குள்ளயா என்றாள் மனைவி. ஓடினார். ஆரம்பத்துக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பினார். நாளைக்குச் சந்திப்போம் என்றது. ஓடினார்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வீடும் ஒரு தினுசாகிக்கொண்டு வந்தது. மவுஸ் மேஜையில் இல்லை. மேஜையைத் துடைத்தபோது எடுத்து வைத்தேன் என்றாள் மனைவி. பார்த்தால் புத்தக அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது, ஒயரோடு. குதிகாலைத் தூக்கி, கையை நீட்டி, எட்டி எட்டித்தான் அதைத் தொட முடிந்தது. அங்கேயே வைத்து அசைத்தால் திரையில் அம்புக்குறி எங்கே போகிறது என்று தெரியாது. இறங்கிப் பார்ப்பார், ஏறி அசைப்பார், இறங்கிப் பார்ப்பார். சரி, தினமும் அதைக் கீழே எடுத்து வைத்தால் ஆயிற்று என்று வைத்தார். மறுநாள் மேலே போயிருந்தது. ஸ்பீக்கர் மேஜைக்குக் கீழே கடைசி மூலைக்குப் போய்விட்டது, சத்தம் ஏற்ற ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியதாயிற்று. சுழல் நாற்காலியைக் காணோம். உட்கார்ந்து காய் நறுக்க வசதியாக இருக்கிறதென்று சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டாளாம்.

இது ஒத்துவராது, அந்த ஷார்ட்கட்டையே எடுத்துவிடலாம் என்று ஒரு நாள் முடிவு செய்து, ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலிருந்து அதைக் கண்ணால் பார்த்து, கையால் அழித்தார். மறுநாள் பட்டனைத் தட்டினார். மாஸ்டர் வந்து, எல்லாரும் தயாரா என்றார். கண்ணாடிக்காரர் திருதிருவென்று முழித்தார். மறுபடியும் அழித்தார். மறுபடியும் வந்தார். ரீஸ்டார்ட் இந்தக் கதையை ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு, கம்ப்யூட்டருக்குப் பழகிப்போயிருக்கும் என்றார்.

கண்ணாடிக்காரருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கடையில் கிட்டப் பார்வைக்காரருக்குத் தூரப் பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, எழுத்து தெரிகிறதா என்று கேட்டார். எழுத்து இருக்கட்டும், நீங்களே தெரியவில்லை என்றார் வந்தவர். மூன்று வாரம் ஓடிவிட்டது. கூடவே அவரும் ஓடினார்.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. படுக்கையறையில் படுப்பதால்தானே ஓட வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கத்திலேயே படுத்துவிட்டால்? தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, பட்டனைத் தட்டிவிட்டு, மேஜைக்குக் கீழேயே உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்தார். அந்த இடத்தில் படுத்து மேலே பார்த்தால் மேஜையின் அடிப்பாகம் தெரிந்தது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் தெரிந்தது. பக்கத்தில் வெறும் தரை தெரிந்தது. ஏதோ ஒன்று இங்கே இருக்குமே, ஈரக் காலோடு மிதித்தோமே என்று யோசித்தார். கால்மிதி இல்லை.

கால்மிதியின் ஒயர் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து புறப்பட்டு, இன்னொரு நீள ஒயரோடு கோத்து, பாய்க்கு அடியில் புகுந்து, சுவரோரமாகவே போயிற்று. கண்ணாடிக்காரர் தவழ்ந்தார். ஒயர் ஹாலைத் தாண்டியது. அவரும் தாண்டினார். ஒயர் சமையல்கட்டுக் கதவின் கீழே நுழைந்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நாலு காலில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

மனைவி அவருக்கு முதுகைக் காட்டிச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நடு நடுவே வலது கால் மட்டும், யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்து ஒரு மிதி மிதித்தது. ஹாலில் மாஸ்டர் வாய் மூடினார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள், தலையைத் திருப்பாமல்.

மிதித்ததும் இவள்தான், அழித்த ஷார்ட்கட்டைத் திரும்பப் போட்டதும் இவள்தான் என்று, ஊர்க் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிற மனிதருக்கு அப்போதுதான் பார்வை வந்தது. வந்ததும் கோபம் வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம், ஒரு சத்தம் போட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார். என்னவென்று கேட்பது? மிதியை எதற்கு இங்கே கொண்டுவந்தாய் என்றால், அரை மணியாக உடற்பயிற்சி செய்கிறவர் சமையல்கட்டு வாசலில் ஏன் நாலு காலில் நிற்கிறார் என்பாள். நீ நிறுத்துவதால் நான் படுக்கையிலிருந்து ஓடி வர வேண்டியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த போன் மச்சானுக்குத்தான். ஒயரைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால், அவளுக்குத் தெரியும் என்பது தனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் யாருக்கு என்ன தெரியாது என்று யோசிக்கையில் அவருக்குத் தலை சுற்றியது.

திரும்பக்கூட இடமில்லை. அப்படியே பின்பக்கமாகத் தவழ்ந்து ஹாலுக்கு வந்தார். எட்டி மவுஸைத் தொட்டு மாஸ்டரை ஓடவிட்டார்.

அன்றைக்கு ரீஸ்டார்ட்டிடம், ஒருத்தர் ஏமாத்துறது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சு, அவங்க தெரியாத மாதிரி இருந்தா, இவர் என்ன பண்ணணும் என்று யாருக்கோ கேட்பது போல் கேட்டார். ரீஸ்டார்ட் என்ன சொல்லியிருப்பார் என்பதை எழுத வேண்டியதில்லை.

மிச்சமிருந்த நாளெல்லாம் எல்லாம் தெரிந்தே ஓடினார். மாஸ்டர் சொல்கிறபடி நின்ற இடத்தில் கையைக் காலை அசைத்திருந்தால் அரை மணியில் தீர்ந்திருக்கும், மூச்சும் இவ்வளவு வாங்கியிருக்காது. ஆனால் அதற்கு அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை. உடற்பயிற்சி செய்வதில்லை என்று ஒரு தடவை முடிவு செய்தால் செய்ததுதான். அந்த முடிவைக் காப்பாற்றுவதற்காக ஓடினார், குனிந்தார், எட்டினார், தவழ்ந்தார். சமையல்கட்டுக் கால் ஒரு நாளும் ஓயவில்லை. சாப்பிடும்போது இரண்டு பேரும் காய்கறி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

மாதக் கடைசியும் வந்தது. டாக்டரிடம் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, மனைவி உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஆமாண்ணே, நாளைக்கேதான், மறக்காம வந்துடுங்க என்றாள். கண்ணாடிக்காரர் கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டார். எடை பார்க்கவே இல்லை, அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டதா? வருத்தமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு மாதம் இத்தனை பாடுபட்டு ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கிறாரே, அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? மறுநாள் காலையில் வழக்கத்தைவிட வேகமாக ஓடினார். கடைசி நேரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் லாபம்தானே.

டாக்டரம்மா மெஷினைக் காட்டினார். கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றினார். சாவியை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

டாக்டரம்மா மெஷினைத் தட்டிப் பார்த்தார். இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினார். பிறகு வாயெல்லாம் சிரிப்பாக, இவ்வளவு நான் எதிர்பார்க்கவே இல்லை என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். சர்க்கரை வாசலைவிட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது, மாத்திரை வேண்டாம் என்றார். கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. செய்யாத உடற்பயிற்சிக்கு உடம்பு எப்படி இளைத்தது? அப்புறம் மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது. அலமாரிக்கு எட்டியது, மேஜைக்கடியில் குனிந்தது, படுக்கைக்கும் ஹாலுக்குமாக ஓடியது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் பெரிய சந்தோஷம் ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது. எடை குறைந்துவிட்டது, வாக்கு வாக்குதான், இனி மச்சான் வர ஒரு காரணமும் இல்லை. போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். அந்தத் தைரியத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தினமும் தவறாமல் வீட்டிலேயே வீடியோ போட்டுச் செய்கிறேன் என்று டாக்டரம்மாவிடம் அளந்தார். இவளைக் கேளுங்கள், சத்தம் கேட்காத நாளே கிடையாது என்றார். மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

டாக்டரம்மாவுக்குப் பூரிப்பு. இதை விட்டுவிடாதீர்கள், அடுத்த மாதம் இதோடு கொஞ்சம் படி ஏறி இறங்கவும் செய்தீர்களானால் இன்னும் நல்லது என்றார்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அதையும் யோசிச்சிட்டேன் டாக்டர். இவரு கட்டில் கீழ ரூம்லயே இருக்கட்டும். கம்ப்யூட்டர மாடி ரூமுக்கு மாத்தணும்னு எங்க அண்ணன வரச் சொல்லியிருக்கேன், இந்நேரம் தூக்கி வெச்சிருப்பாரு."